குறட்டை என்று சிரித்தோமே!

எங்கள் வீட்டு நாய்க்குப் பெயர் லட்டு. பக் என்ற இனம். எங்கள் கரூரில் 'பக்' என்றால் பாதிப் பேருக்குப் புரியாது. 'ஹட்ச் நாய்' என்றால்தான் தெரியும். 2003-ல் அந்த செல்போன் விளம்பரம் டி.வி.யில் வந்தபோது நான் பள்ளி மாணவி. சின்னப் பையன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகும் அந்தச் சப்பை மூக்கு நாயைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடு" என்று அம்மாவை நச்சரித்து முதுகில் இரண்டு வாங்கினேன். கல்யாணமாகி, எனக்கு ஒரு மகள் பிறந்து, அவள் அடம் பிடித்தபோதுதான் என் ஆசையும் சேர்ந்து நிறைவேறியது. நாயைக் கண்டால் நாலடி தள்ளிப் போகிற என் கணவர்கூட மகளுக்காகச் சம்மதித்தார்.

குட்டியைக் கொடுத்தவர், "குறட்டை விடும். இந்த ஜாதிக்கே அது வழக்கம். பயப்படாதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, என்ன குறட்டை! கிரைண்டரில் கல் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நடுவில் திடீரென்று நின்று போகும். பிறகு 'ஹக்' என்று தூக்கிப் போட்டு மறுபடி ஆரம்பிக்கும். விருந்தாளிகள் வந்தால், "இது நாயா, எங்க மாமாவா?" என்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாங்களும் சிரித்தோம்.

இரண்டு வயதுக்கு மேல் லட்டு உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தான். தலை மெல்ல மெல்லச் சாயும், விழப் போகிற நேரத்தில் திடுக்கிட்டு நிமிர்வான். சில நாள் சோபா விளிம்பில் தாடையைத் தூக்கி வைத்துக்கொண்டு தூங்குவான். இன்னும் வேடிக்கை, வாயில் ரப்பர் பந்தைக் கவ்வியபடி தூங்குவது. என் மகள் தர்ஷினி அதைச் செல்போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். 'கடைசி பெஞ்சு மாணவன்' என்று என் தம்பி பதில் போட்டான். பகலிலும் தூங்கி வழிந்ததால் 'சோம்பேறி லட்டு' என்று பட்டம் வேறு.

சிரிக்காத ஒரே ஆள் என் மாமியார். நாய் வேண்டவே வேண்டாம் என்றவர் அவர்தான். ஒருநாள் வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உங்க மாமா கடைசி ரெண்டு வருசம் இப்படித்தான் தூங்குனாரு கண்ணு. படுத்தா மூச்சு முட்டும். தலகாணியை மடியில வச்சு, அது மேல தாடையை ஊனிக்கிட்டு உட்காந்தே விடிய விடியக் கெடப்பாரு. இந்தச் சீவனுக்கும் என்னமோ பண்ணுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அத்தை, மாமாவையும் நாயையும் ஒண்ணாச் சேர்த்துப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்பு படித்தவள் என்ற மிதப்பு. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். இன்றைக்கு நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாத்தனார் பிள்ளைகள் வந்திருந்தார்கள். கறிக்குழம்பு வைத்து, எல்லோரும் சாப்பிட்டு, மதியம் கரன்ட் போனதால் கூடத்தில் பாய் விரித்துக் கண் அசந்தோம். பிள்ளைகள் லட்டுவை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய் ஓட்டப் பந்தயம் விட்டிருக்கிறார்கள். "அத்தை, லட்டு எந்திரிக்க மாட்டேங்குது" என்று அலறல் கேட்டு ஓடினேன். கால்களைப் பரப்பிக் கிடந்தான். இழுப்பு இழுப்பாக மூச்சு. நாக்கு கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

என் மாமியார்தான் "நெழலுக்குத் தூக்கு" என்று சத்தம் போட்டு, மாடித் தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டு வந்து ஊற்றினார். முதல் வாளித் தண்ணீர் வெயிலில் கொதித்ததால் கீழே இருந்து குடத்தில் கொண்டு வரச் சொன்னார். நான் பதற்றத்தில் டம்ளரில் தண்ணீரை அவன் வாயில் ஊற்றப் போனேன், கையைத் தட்டிவிட்டார். (பிறகு டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னார். மூச்சுக்குத் திணறும் நேரத்தில் வாயில் ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடுமாம். உடம்பு முழுக்க நீரை விட்டுக்கொண்டே விசிற வேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி மூடினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். கொஞ்சம் ஆற்றிவிட்டுத்தான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.) மகள் முறத்தால் விசிற, கணவர் ஆட்டோ பிடித்து வந்தார். நாயைத் தொடாத மனிதர், ஈரம் சொட்டச் சொட்ட மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மருத்துவமனையில் சூடு பார்த்தபோது 106 டிகிரி. நாய்க்குச் சாதாரணமாகவே 101, 102 இருக்குமாம். ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, சாயங்காலம் வரை வைத்திருந்தார்கள். பிழைத்தான்.

டாக்டரம்மா சின்ன வயசுப் பெண். "அக்கா, ராத்திரி எப்படித் தூங்குவான்?" என்று கேட்டார். நான் இழுக்க, மகள் செல்போனை எடுத்து அந்த வேடிக்கைப் படத்தைக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை. குறட்டை நின்ற இடத்தில் விரல் விட்டு எண்ணினார். பதினொன்று வரை எண்ணிய பிறகுதான் லட்டு தூக்கிப் போட்டு மூச்சு வாங்கினான். அந்தப் படத்தை நாங்கள் எத்தனை தடவை பார்த்திருப்போம்! ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். மனிதர்கள் அழகுக்காகப் பல தலைமுறையாகத் தட்டை முகமுள்ள நாய்களையே இணை சேர்த்து, மூக்கெலும்பைக் குட்டையாக்கிவிட்டார்கள். ஆனால் உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. சின்ன மஞ்சள் பையில் பெரிய ஜமுக்காளத்தைத் திணித்தால் எப்படி இருக்கும், அப்படி. மூக்குத் துவாரம் கோடு போட்ட மாதிரி ஒட்டியிருக்கும். மேல் அண்ணத்தின் பின்னால் தொங்கும் மெல்லிய சதை நீண்டுபோய் மூச்சு போகும் வழியில் விழும். விழித்திருக்கும்போது தொண்டைத் தசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தூங்கினால் அது தளர்ந்து வழியை அடைத்துவிடும். மூச்சு நின்றதும் மூளை உசுப்பி எழுப்பும். ராத்திரி பூராவும் இதே கதை. படுத்தால் அடைக்கிறது என்று தெரிந்துதான் உட்கார்கிறான். தாடையைத் தூக்கினால் தொண்டை நேராகும். பந்தைக் கவ்வினால் வாய் மூடாது, வாய் வழியாகவாவது காற்று போகும். இவ்வளவையும் யாரும் சொல்லித் தராமல் அவனே கண்டுபிடித்திருக்கிறான். பகல் தூக்கம் சோம்பேறித்தனம் அல்ல, ராத்திரி தூங்காத அசதி.

வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றே சரியாகப் போகாத நாய் எதை வெளியேற்றும்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் இங்கிலீஷ் புல்டாக் நாய்கள் தூங்குவதை ஆராய்ந்து, குறட்டை விடும் மனிதர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு அடைபடுவது போலவே இவற்றுக்கும் ஆகிறது என்று 1987-லேயே எழுதிவிட்டார்களாம். நாமோ இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

வேறு விதமான தூக்க வியாதியும் உண்டாம். சில டாபர்மேன், லாப்ரடார் நாய்கள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்த சந்தோஷத்திலேயே கால் துவண்டு பொத்தென்று விழுந்துவிடும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட நாய்களையே வளர்த்து ஆராய்ந்து, காரணமான மரபணுவை 1999-ல் கண்டுபிடித்தார்கள் என்றார். மனிதர்களுக்கு வரும் அதே வியாதியைப் புரிந்துகொள்ளவும் அது உதவியதாம். கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம்.

எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். தூக்கத்தில் கால் உதைப்பது, முனகுவது எல்லாம் கனவு. எழுப்பக் கூடாது. சில சமயம் கழுத்தை நீட்டிக்கொண்டு, தும்மலை உள்ளே இழுப்பது போல 'க்ர்ர் க்ர்ர்' என்று செய்யும். எப்போதாவது வந்து, ஒரு நிமிஷத்துக்குள் தானே நின்றுவிட்டால் பெரும்பாலும் கெடுதல் இல்லை, தொண்டையை மெல்லத் தடவிக் கொடுத்தால் போதும். அசந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணச் சொன்னார். நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேல் அடிக்கடி போனால் காட்ட வேண்டும்.

அப்புறம் எடை பார்த்தார். பன்னிரண்டு கிலோ! இந்த இனம் ஆறிலிருந்து எட்டு கிலோவுக்குள் இருக்க வேண்டுமாம். கொழுப்பு தொண்டையிலும் ஏறி இன்னும் வழியைக் குறுக்குகிறது. யார் செய்த வேலை? காலையில் நெய் இட்லி, பத்து மணிக்கு பிஸ்கட், பூஜை அன்று பொங்கல் என்று ஊட்டியவள் நானேதான். அன்றோடு எல்லாம் நின்றது. அளந்து போட்ட சாப்பாடு. கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மார்போடு மாட்டும் பட்டை வாங்கினோம். ஆறு மணிக்குள் நடை முடிந்துவிடும். பிஸ்கட் டப்பாவின் முன் உட்கார்ந்து அவன் பார்க்கிற பார்வைக்கு மனசு கரையாமல் இருப்பதுதான் பெரிய பாடு.

மூன்று மாதத்தில் இரண்டரை கிலோ குறைந்தது. குறட்டை கொஞ்சம் தணிந்தது. ஆனால் உட்கார்ந்து தூங்குவது நிற்கவில்லை. மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தி, தொங்கும் சதையை வெட்டிவிடும் ஆபரேஷன்தான் வழி என்றார் டாக்டரம்மா. இந்த இன நாய்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதிலேயே மற்ற நாய்களைவிட ஆபத்து அதிகம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டில் பெரிய வாக்குவாதம். "நாய்க்கு ஆபரேஷனா? ஊரே சிரிக்கும். அதுவும் பிழைக்குமோ என்னமோ" என்றார் கணவர். மகள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். எனக்கும் பயம். நாமாகக் கொண்டுபோய்க் கொடுத்து, ஏதாவது ஆகிவிட்டால்? இரண்டு வாரம் முடிவெடுக்காமல் தள்ளிப் போட்டேன். ஒருநாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்க்கிறேன், இருட்டில் என் மாமியார் தரையில் உட்கார்ந்து லட்டுவின் தாடையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருக்கிறார். அவன் அதில் தலையை வைத்துத் தூங்குகிறான். "மாமாவுக்கும் இப்படிப் புடிச்சுக்குவேன்" என்றார். மறுநாளே என் சீட்டுப் பணத்தை எடுத்தேன். கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கோயம்புத்தூருக்குக் கார் பேசினார்.

ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும் வரை நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. தொண்டை வீக்கம் வடிந்து அவன் சரியாகச் சாப்பிடவே பல நாள் ஆனது.

ஒருநாள் நடுராத்திரி எனக்கு விழிப்புத் தட்டியது. வீடே நிசப்தம். குறட்டைச் சத்தமே இல்லை. அடிவயிற்றில் கத்தி சொருகியது போல இருந்தது. ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். லட்டு பக்கவாட்டில் படுத்து, நாலு காலையும் நீட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. பந்து மூலையில் கிடந்தது.

"வெளக்கை அணை கண்ணு, அவன் தூங்கட்டும்" என்றார் அத்தை, பாயில் புரண்டு படுத்தபடி.

- ஒரு வாசகி, கரூர்.