முகவரியும் ஒழுங்கும்

இது கணினி யுகம். தேர்வு முடிவு முதல் இரயில் பயணச்சீட்டு வரை எல்லாம் இணையத்தின் வழியே நம் வீடு தேடி வருகின்றன. நாம் ஒரு முகவரியைத் தட்டுகிறோம். அதற்குரிய பக்கம் திரையில் தோன்றுகிறது. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று கணினி எவ்வாறு அறிகிறது? அதைச் சற்று ஆராய்வோம்.

பைத்தான் என்னும் கணினி மொழியில் இணையதளம் அமைக்க உதவும் கட்டமைப்புகளுள் புகழ்பெற்றது ஜாங்கோ. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் பணியாற்றிய ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டு இதனை உருவாக்கத் தொடங்கினர். 2005இல் இது அனைவருக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கித்தார் கலைஞரின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது.

ஜாங்கோவில் முகவரிப் பட்டியல் ஒன்று உண்டு. அதன் ஒவ்வொரு வரியிலும் ஒரு முகவரியும், அதற்கு விடை தரவேண்டிய செயற்கூற்றின் பெயரும் இருக்கும். இச்செயற்கூற்றை ‘வியூ’ என்பர். ஜாங்கோ பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் வரியிலேயே நின்றுவிடும். எதுவும் பொருந்தாவிடில் ‘404’ என்று கைவிரித்துவிடும்.

ஆகவே வரிசை மிக முக்கியம். நூலகத் தளமொன்றில் ‘நூல்/ஏதேனும் ஒரு பெயர்’ என்ற பொது வரி முதலிலும், ‘நூல்/புதியவை’ என்ற சிறப்பு வரி பின்னரும் இருப்பதாகக் கொள்வோம். புதிய நூல்களின் பட்டியல் யாருக்கும் கிடைக்காது. ‘புதியவை’ என்பதையும் ஒரு நூலின் பெயராகவே ஜாங்கோ எண்ணிக்கொள்ளும்! சிறப்பு வரி முன்னே, பொது வரி பின்னே என்பதே விதி.

தளம் வளர வளர நூலகம், தேர்வு, விடுதி எனப் பிரிவுகள் பெருகும். அப்போது பிரிவுக்கு ஒரு பட்டியல் வைப்பதே நலம். ‘தேர்வு/’ என்று தொடங்கும் முகவரிகளையெல்லாம் தேர்வுப் பிரிவின் பட்டியலுக்கு அனுப்புமாறு, ‘இன்க்ளூட்’ என்னும் கட்டளையைத் தலைமைப் பட்டியலில் எழுதினால் போதும்.

இனி வியூக்களை வரவழைப்பதைக் காண்போம். முன்பு வியூவின் பெயரை மேற்கோள் குறிக்குள் எழுதினாலே போதுமாயிருந்தது. 2016இல் வந்த 1.10 பதிப்பில் அவ்வழக்கம் நீக்கப்பட்டது. இப்போது ‘இம்போர்ட்’ என்னும் கட்டளையால் அவற்றை வரவழைக்க வேண்டும். இங்கேதான் ஓர் ஆபத்து உள்ளது. நூலகம், தேர்வு இரண்டிலும் ‘முகப்பு’ என்ற வியூ இருந்து, இரண்டையும் வெறும் பெயரால் ஒரே கோப்புக்குள் அழைத்தால், பின்னால் வந்தது முன்னதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பைத்தான் எந்த எச்சரிக்கையும் தராது. தேர்வு முடிவை ஆவலோடு திறக்கும் மாணவி நூலகப் பக்கத்தைக் கண்டு திகைப்பாள்!

ஒரே வகுப்பில் இரண்டு மேரிகள் இருந்தால் முதலெழுத்தையும் சேர்த்து அழைக்கிறோம் அல்லவா? அதுபோலவே ‘நூலகம்.முகப்பு’, ‘தேர்வு.முகப்பு’ எனப் பிரிவின் பெயரோடு சேர்த்து அழைத்தால் குழப்பமே இல்லை.

நின்றுபோகும் கணினி தன் பிழையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஓசையின்றித் தவறான விடை தரும் கணினியோ அதை நம்பியவரை ஏமாற்றிவிடும். எனவே, நமக்குப் பின் வருபவரும் படித்தவுடன் புரிந்துகொள்ளுமாறு ஒழுங்காக எழுதப் பழகுவோம்!