சர்க்கரை நோயாளிகளே உஷார்! ஆண்மை குறைவுக்கு கடையில் கேட்டு மாத்திரை போடாதீங்க

கும்மிடிப்பூண்டி:

நைட் ஷிப்ட் முடிந்து சிப்காட் கேட்டை விட்டு வெளியே வரும் தொழிலாளி, நேராக மெடிக்கல் ஷாப்புக்கு போகிறார். கடையில் கூட்டம் குறையும் வரை ஓரமாக நிற்கிறார். பிறகு மெதுவாக குனிந்து, 'அண்ணே, அந்த மாத்திரை ஒண்ணு குடுங்க' என்கிறார். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, நெஞ்சுவலிக்கு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி என்று இல்லை, எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான் இது. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர் இப்படி மாத்திரை வாங்கி போடுவது உயிரோடு விளையாடுவது என்று டாக்டர்கள் எச்சரிக்கிறார்கள்.

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவில் நடந்த ஆய்வில் தெரியவந்தது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையம் முன்னின்று நடத்திய இந்த ஆய்வு 2023-ம் ஆண்டு வெளியானது. சர்க்கரை நோய் உள்ள ஆண்களில் ஏறக்குறைய பாதி பேருக்கு, ஏதாவது ஒரு கட்டத்தில் விறைப்பு குறைபாடு வருகிறது. மற்றவர்களை விட இவர்களுக்கு வாய்ப்பு சுமார் 3 மடங்கு அதிகம்.

ஏன் வருகிறது?

விறைப்பு என்பது முக்கியமாக ரத்த ஓட்டம் சம்பந்தப்பட்டது. மூளையில் இருந்து நரம்பு வழியாக தகவல் வரும். ரத்தக்குழாய் விரிந்து ரத்தம் பாயும். சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாடு இல்லாமல் இருந்தால் நரம்பும் கெடும், ரத்தக்குழாயும் கெடும். காலில் மரத்துப்போகிற அதே கதைதான் இங்கேயும். சிலருக்கு ஆண் ஹார்மோனும் குறைந்து விடுகிறது. பீடி, சிகரெட், குடி சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

'சர்க்கரை மாத்திரை சாப்பிட்டதால்தான் இப்படி ஆகிவிட்டது' என்று நினைத்து மாத்திரையை நிறுத்தி விடுபவர்களும் உண்டு. இது பெரிய தப்பு. நிறுத்தினால் சர்க்கரை எகிறும், பிரச்சினை இன்னும் மோசமாகும். பிரஷர் மாத்திரைகளில் சில மட்டும் இந்த குறையை உண்டாக்கலாம். சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றி தருவார். நாமாக நிறுத்தக்கூடாது.

இதயத்துக்கு முன்னெச்சரிக்கை மணி

இதில் இன்னொரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஆணுறுப்புக்கு போகும் ரத்தக்குழாய், இதயத்துக்கு போகும் ரத்தக்குழாயை விட சின்னது. அதனால் அடைப்பு முதலில் இங்கேதான் தெரியும். விறைப்பு குறைபாடு வந்து சில வருஷத்தில் மாரடைப்பு வருவதும் உண்டு. வெட்கப்பட்டு மறைக்கிற இந்த குறைதான், இதயத்தை பார்த்துக்கொள் என்று உடம்பு அடிக்கிற மணி. எனவே மாத்திரை கேட்பதற்கு முன் ஈ.சி.ஜி., பிரஷர், கொழுப்பு, மூன்று மாத சராசரி சர்க்கரை பரிசோதனை ஆகியவற்றை பார்த்து விடுவது நல்லது.

எந்த மாத்திரையோடு சேரக்கூடாது?

சில்டெனாபில் என்ற மருந்து முதலில் நெஞ்சுவலிக்காகத்தான் சோதிக்கப்பட்டது. சோதனையில் வேறு பலன் தெரிந்ததால், 1998-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவில் விறைப்பு குறைபாட்டுக்கு அனுமதி கிடைத்தது. டடாலாபில் என்பது இதே வகையில் வந்த இன்னொரு மருந்து.

இரண்டுமே ரத்தக்குழாயை விரிக்கும். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரைகளும் ரத்தக்குழாயை விரிக்கும். இரண்டும் உடம்பில் சேர்ந்தால் பிரஷர் சடாரென்று கீழே இறங்கும். மயக்கம், மாரடைப்பு, உயிரிழப்பு வரை போகலாம். நைட்ரேட் சாப்பிடுபவர்கள் இந்த மாத்திரை பக்கமே போகக்கூடாது. புராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்து சாப்பிடுபவர்களும் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இந்த மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலித்தால் வீட்டில் இருக்கும் சார்பிட்ரேட்டை எடுத்து நாக்கில் வைக்காதீர்கள். உடனே 108-ஐ கூப்பிடுங்கள். ஆம்புலன்சில் வருபவரிடமும், ஆஸ்பத்திரி டாக்டரிடமும் எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு போட்டோம் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள் கொடுக்கும் மருந்தே எமனாகி விடும். சில்டெனாபில் போட்டால் குறைந்தது 24 மணி நேரம், டடாலாபில் போட்டால் 48 மணி நேரம் வரை நைட்ரேட் கொடுக்கக்கூடாது.

எப்படி சாப்பிடுவது?

டாக்டர் பரிசோதித்து எழுதிக் கொடுத்தால், சர்க்கரை நோயாளிகளும் இந்த மருந்தை பாதுகாப்பாக சாப்பிடலாம். வயதானவர்கள், கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் போடக்கூடாது. பிரியாணி சாப்பிட்டு விட்டு சில்டெனாபில் போட்டால் வேலை செய்ய லேட் ஆகும். 'கேக்கலையே' என்று இன்னொன்றை எடுத்து விழுங்கக்கூடாது. குடித்து விட்டும் போடக்கூடாது.

தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு வரலாம். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் இருந்தாலோ, திடீரென்று கண் தெரியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சர்க்கரை நோயாளிகளில் எல்லோருக்கும் மாத்திரை கேட்காது. கேட்காதவர்களுக்கு வேக்குவம் பம்ப், ஊசி, ஆபரேஷன் என்று அடுத்தடுத்த வழிகள் இருக்கின்றன.

சிங்கப்பூரில் 4 பேர் பலி

'மாத்திரைதானே ஆபத்து, மூலிகை லேகியம் என்ன செய்யும்?' என்று கேட்பவர்களுக்கு சிங்கப்பூர் சம்பவம் ஒரு பாடம். 2008-ம் ஆண்டு ஜனவரி முதல் மே வரை அங்குள்ள அரசு ஆஸ்பத்திரிகளில் 150 பேர் ரத்தத்தில் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கிய நிலையில் சேர்க்கப்பட்டனர். இவர்கள் சர்க்கரை நோயாளிகளே அல்ல. ஒருவரை தவிர அனைவரும் ஆண்கள். 7 பேர் கோமாவுக்கு போனார்கள். 4 பேர் இறந்து விட்டனர்.

விசாரித்தபோது ஆண்மைக்கு என்று திருட்டுத்தனமாக விற்ற மூலிகை மருந்துகளிலும், போலி டடாலாபில் மாத்திரையிலும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது தெரியவந்தது. இது சர்க்கரையை குறைக்கும் மருந்து. ஏற்கனவே சர்க்கரை மாத்திரையோ, இன்சுலினோ எடுப்பவர் இப்படி ஒரு மருந்தை சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பஸ் நிலைய சுவரிலும் லாட்ஜ் வாசலிலும் 'ஒரே வாரத்தில் ஆண்மை' என்று போஸ்டர் ஒட்டுவது சட்டப்படி குற்றம். 1954-ம் ஆண்டின் மாய மருந்து விளம்பர தடை சட்டத்தில், முதல் தடவைக்கே 6 மாதம் வரை ஜெயில் தண்டனைக்கு இடம் உண்டு. சர்க்கரை நோயை குணமாக்குவதாக விளம்பரம் செய்வதும் இதே சட்டத்தில் குற்றம்தான்.

எங்கே போவது?

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை, பிரஷர் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். கும்மிடிப்பூண்டியிலும் அரசு ஆஸ்பத்திரி உண்டு. திருவள்ளூரில் 2022-ம் ஆண்டு ஜனவரியில் அரசு மருத்துவ கல்லூரி திறக்கப்பட்டது. மேல் சிகிச்சை வேண்டும் என்றால் கும்மிடிப்பூண்டியில் ரெயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ்காந்தி அரசு பொது ஆஸ்பத்திரி. அங்கே சிறுநீரக அறுவை சிகிச்சை பிரிவில் காட்டலாம். இ.எஸ்.ஐ. கார்டு இருப்பவர்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஆரம்பிக்கலாம்.

டாக்டரிடம் எப்படி சொல்வது என்று தயங்க வேண்டாம். 'சர்க்கரை வந்ததில் இருந்து தாம்பத்தியத்தில் பிரச்சினை' என்ற ஒரு வரி போதும். மீதியை அவர் கேட்டுக்கொள்வார். தினமும் பார்க்கிற கேஸ்தான் அவருக்கு.

வீட்டுக்காரம்மாவிடமும் மனம் விட்டு பேசுங்கள். காரணம் தெரியாமல் 'நம்ம மேல வெறுப்பு வந்துடுச்சோ' என்று அவர் உள்ளுக்குள் புழுங்கிக் கொண்டிருக்கலாம். சர்க்கரையை கட்டுக்குள் வைத்து, பீடியை விட்டு, தினமும் அரை மணி நேரம் நடந்தால், மாத்திரை வேலை செய்யும் வாய்ப்பும் கூடும். இதயத்துக்கும் நல்லது.