ராவென்னா: சதுப்பு நிலம் காத்த தலைநகரம்

மேற்கு ரோமப் பேரரசு தன் இறுதிக் காலத்தைக் கழித்தது ரோம் நகரில் அன்று. இத்தாலியின் வடகிழக்கே, அட்ரியாட்டிக் கடலோரச் சதுப்பு நிலங்களுக்கு நடுவே இருந்த ராவென்னாவில். கி.பி. 402இல், விசிகோத் படைகள் வட இத்தாலிக்குள் புகுந்த நெருக்கடியில், பேரரசர் ஹொனோரியஸ் மிலானில் இருந்த அரசவையைப் பகைவர் எளிதில் நெருங்க முடியாத இந்நகருக்கு மாற்றினார். 476இல் கடைசிப் பேரரசரான ரோமுலஸ் அகஸ்துலஸ் பதவி இழந்ததும், 493இல் கோத் இன மன்னர் தியோடெரிக் ஆட்சியைக் கைப்பற்றியதும், 540இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசின் படை நுழைந்ததும் இங்குதான். ஒன்றரை நூற்றாண்டுக்குள் மூன்று அரசுகளைக் கண்ட இந்நகரை, ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று விரையும் சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலோர் எட்டிப் பார்ப்பதில்லை.

இப்புறக்கணிப்புக்கு வரலாறும் ஒரு காரணம். ஆறுகள் கொண்டுவந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்ததால் கடல் பல கிலோமீட்டர் விலகிப்போனது. 751இல் லொம்பார்டு இனத்தவர் நகரைக் கைப்பற்றிய பின் அதிகாரமும் வேறிடங்களுக்குச் சென்றது. ஆனால் அந்த ஒதுக்கமே நகரைக் காத்தது எனலாம். பழைய பேராலயம் 18ஆம் நூற்றாண்டில் இடித்துக் கட்டப்பட்டதைப் போன்ற இழப்புகள் உண்டெனினும், 5, 6ஆம் நூற்றாண்டுகளின் கட்டடங்கள் வியக்கத்தக்க அளவில் எஞ்சியுள்ளன; அவற்றுள் எட்டினை யுனெஸ்கோ 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

இக்கட்டடங்களின் புகழுக்குக் காரணம் மொசைக் எனப்படும் பதிகல் ஓவியம். வண்ணக் கண்ணாடியையும் கல்லையும் சிறு துண்டுகளாக வெட்டி ஈரச் சுண்ணச் சாந்தில் பதித்து உருவங்களை அமைப்பதே இக்கலை. பொன்னிறத் துண்டுகளுக்கு மெல்லிய தங்கத் தகட்டை இரு கண்ணாடி அடுக்குகளுக்கிடையே வைத்து உருக்கி இணைப்பர். துண்டுகள் ஒரே மட்டமாக அன்றிச் சற்றே சாய்த்துப் பதிக்கப்படுவதால், பார்ப்பவர் நகர நகரச் சுவர் முழுவதும் ஒளி அசைகிறது. இதனால்தான் ராவென்னாவின் ஓவியங்களைப் புகைப்படத்தில் கண்டவர்கள் அவற்றைக் கண்டவர்கள் ஆகமாட்டார்கள். பேரரசி கல்லா பிளாசிடியாவின் பெயரால் வழங்கும் நினைவிடம் வெளியே அலங்காரமற்ற செங்கல் கட்டடம். உள்ளேயோ, மெல்லிய அலபாஸ்டர் கற்பலகைகள் பொருத்திய சாளரங்களின் வழியே கசியும் மங்கிய ஒளியில், கருநீலக் கூரையில் பொன் விண்மீன்கள் நிறைந்திருக்கின்றன.

547இல் ஆயர் மாக்ஸிமியன் அர்ப்பணித்த எண்கோண வடிவச் சான் விதாலே ஆலயத்தில், பேரரசர் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் பரிவாரங்களோடு எதிரெதிர்ச் சுவர்களில் நிற்கிறார்கள். இருவரும் ராவென்னாவுக்கு வந்ததே இல்லை. கோத் ஆட்சிக்குப் பின் வந்த புதிய அதிகாரத்தின் முகத்தை மக்கள் மனத்தில் பதிப்பதே இவ்வோவியங்களின் நோக்கம் என்று கொள்வது பொருந்தும்.

எனினும் அரசியலின் தடம் மிகக் கூர்மையாகப் புலப்படுவது, தியோடெரிக் தம் அரண்மனைக்கு அருகே எழுப்பிய சாந்த் அப்போலினாரே நுவோவோ ஆலயத்திலேயே. கோத்தியர் ஏரியஸ் என்னும் அலெக்சாந்திரியக் குருவின் கொள்கையைப் பின்பற்றிய கிறித்தவர். மகனாகிய கிறிஸ்து தந்தையாகிய கடவுளுக்கு நிகரானவர் அல்லர் என்பது அக்கொள்கை. பைசாந்திய ஆட்சியில் இவ்வாலயம் அக்கொள்கையை ஏற்காத கிறித்தவரின் கைக்கு மாறியபோது, சுவரில் பதிகல்லால் அமைக்கப்பட்டிருந்த அரண்மனைக் காட்சியிலிருந்து மனித உருவங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, அவை நின்ற வளைவுகளில் திரைச்சீலைகள் பதிக்கப்பட்டன. ஆனால் தூண்களின் மேல் படிந்திருந்த கைகளை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். உடலற்ற அக்கைகளை இன்றும் காணலாம். தோற்ற தரப்பினரின் நினைவை அழிக்க முயன்ற செயலுக்கு இவ்வளவு வெளிப்படையான சான்று உலகில் அரிது. ராவென்னாவில் வேறெதையும் பார்க்க நேரமில்லாதவர்கூட இச்சுவரின் முன் நின்றாக வேண்டும்.

நகருக்குச் சற்று வெளியே தியோடெரிக்கின் கல்லறை இருக்கிறது. ஏறத்தாழ பத்து மீட்டர் விட்டமுள்ள அதன் கூரை, அட்ரியாட்டிக் கடலுக்கு அப்பாலுள்ள இஸ்திரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரே கல்.

ஃபிளாரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட கவிஞர் தாந்தே 1321இல் உயிர்நீத்ததும் இந்நகரிலேதான். பின்னாளில் ஃபிளாரன்ஸ் அவரது உடலைக் கேட்டு, 1519இல் போப்பின் அனுமதியையும் பெற்றது. பிரான்சிஸ்கன் துறவிகளோ எலும்புகளை எடுத்து மறைத்துவிட்டனர். அவை 1865இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. ஃபிளாரன்ஸின் சாந்தா குரோச்சே ஆலயத்தில் அவருக்கென எழுப்பிய கல்லறை வெறுமையாகவே இருக்க, ராவென்னாவின் கல்லறையில் எரியும் விளக்குக்கு ஆண்டுதோறும் ஃபிளாரன்ஸிலிருந்து எண்ணெய் வருகிறது.

பொலோஞா நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேல் பயணித்தால் ராவென்னாவை அடையலாம். சமதளமான பழைய நகரப் பகுதியை நடந்தே சுற்றிவிடலாம்; முக்கிய ஆலயங்கள் சிலவற்றுக்குக் கூட்டுச்சீட்டு உண்டு. கல்லா பிளாசிடியா நினைவிடத்தினுள் சிறு குழுக்களாகச் சில நிமிடங்களே அனுமதிப்பதால், நேரத்தை முன்பதிவு செய்துகொள்வது நல்லது. பொலோஞாவிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் வழக்கத்தை விடுத்து, ஓரிரவேனும் இங்குத் தங்குமாறு பயணத் திட்டத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.