அயல்நாட்டுப் பொருளும் சுங்கத் தீர்வையும்

நெய்வேலிக்கு அயல்நாட்டுப் பொருள் புதிதன்று. 1957-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அதன் பின்னர், பழுப்பு நிலக்கரியின் மேலுள்ள மண்ணை அகழ்வதற்கு மேற்கு ஜெர்மனியிலிருந்து மாபெரும் இயந்திரங்கள் வந்தன. அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் உதவியுடன் எழுந்தது. அன்று அரசு நிறுவனம் அயல்நாட்டிலிருந்து தருவித்தது. இன்றோ, நகரியத்துத் தொழிலாளியும் சுற்றுப்புறத்து முந்திரி விவசாயியும் கைப்பேசி வாயிலாகவே தருவிக்கின்றனர்.

அண்மையில் ஒரு விவசாயி எமது அலுவலகத்திற்கு வந்து, தாம் வரவழைத்த கருவிக்கு முழு விலையும் கட்டிய பிறகும் அஞ்சற்காரர் மேலும் பணம் கேட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார். அது அஞ்சற்காரர் விதித்த பணமன்று. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்படி சுங்க அதிகாரிகள் மதிப்பிட்ட தீர்வை அது. அஞ்சல் துறை அதனை வசூலித்து அரசுக்குச் செலுத்துகிறது. உள்ளூர்க் கடைக்காரர் தாம் விற்கும் பொருளுக்கு வரி செலுத்தும்போது, அயல்நாட்டுச் சரக்கு வரியின்றி நுழைவது முறையாகாதன்றோ?

கணக்கிடும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பொருளின் விலை 2,000 ரூபாய். அனுப்பும் கூலியும் காப்பீடும் 500 ரூபாய் என்று கொள்வோம். தீர்வை 2,500 ரூபாய்க்கே கணக்கிடப்படும். சுங்கத் தீர்வை நூற்றுக்குப் பத்து எனில் 250 ரூபாய். அத்தீர்வையின்மேல் சமூக நல மேல்வரி நூற்றுக்குப் பத்து, அதாவது 25 ரூபாய். ஆக 2,775 ரூபாய். இத்தொகையின்மேல் சரக்கு சேவை வரி நூற்றுக்குப் பதினெட்டு எனில் 499 ரூபாய் 50 காசு. ஆகவே, விலைக்கும் கூலிக்கும் மேலாகச் செலுத்த வேண்டியது 774 ரூபாய் 50 காசு. விகிதங்கள் பொருளுக்குப் பொருள் வேறுபடும். காலத்திற்கேற்ப மாறுவதும் உண்டு. சில விற்பனையாளர் தீர்வையை முன்னரே சேர்த்து வாங்கிக்கொள்வதால், அதனை முதலிலேயே பார்த்துக்கொள்ளுதல் நலம்.

சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உள்ள உறவினர் அனுப்பும் அன்பளிப்புக்குத் தீர்வை இல்லை என்று பலர் எண்ணுகின்றனர். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அச்சலுகை நிறுத்தப்பட்டது. உயிர் காக்கும் மருந்துகளும் ராக்கிக் கயிறும் மட்டுமே விலக்கு. ஏனைய அன்பளிப்புகளைத் தீர்வை செலுத்திப் பெறலாம்.

விவசாயிகள் மற்றொன்றையும் கருத வேண்டும். விதைகளும் நாற்றுகளும் தீர்வை செலுத்திவிட்டால் மட்டும் வந்துவிடா. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் பயிர் நலச் சான்றிதழும் வேண்டும். ஒரு பொட்டலத்தில் வரும் நோயோ பூச்சியோ ஒரு வட்டாரத்தின் பயிரையே அழிக்கக்கூடும்.

இவ்விவரங்களை அறியாதவரையே வஞ்சகர் நாடுகின்றனர். "உமது பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, உடனே பணம் அனுப்பாவிடில் கைது செய்வோம்" எனத் தொலைபேசியில் மிரட்டுவர். சுங்கத் துறை எவருடைய சொந்தக் கணக்கிலும் தீர்வையைச் செலுத்தச் சொல்வதில்லை. அதன் கடிதங்களில் ஆவண அடையாள எண் இருக்கும். துறையின் இணையதளத்தில் அதனைச் சரிபார்க்கலாம். ஏமாற்றப்பட்டவர் தாமதியாது 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தால், பணம் கைமாறுமுன் தடுக்க வழியுண்டு.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் இச்செய்திகளைக் கிராம சபையில் எடுத்துரைப்பார்களாக. கேட்கப்படும் தொகைக்குக் கணக்கும் இரசீதும் கேட்பது ஒவ்வொருவரின் உரிமை. முறையான தீர்வையைச் செலுத்துவது நம் கடமை. அச்சுறுத்திக் கேட்பவனுக்கு ஒரு காசும் கொடாதிருப்பது அறிவுடைமை.