பரல் குறைந்த சிலம்பு

சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் 1923இல் தொடங்கிய 'செந்தமிழ்ச் செல்வி'யின் முகப்பில் 'சிலம்பு' என்றும் 'பரல்' என்றும் எண்கள் காணப்படும். ஓராண்டின் தொகுதி சிலம்பு. மாதந்தோறும் வரும் இதழ் பரல். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தாரின் 'தமிழ்ப் பொழில்' தன் தொகுதியைத் துணர் என்றும் இதழை மலர் என்றும் அழைத்தது. துணர் என்பது பூங்கொத்து. மாணவர்கள் இச்சொற்களைக் குறித்துக்கொள்வார்களாக.

பன்னிரண்டு பரல்களும் சேர்ந்ததும் நூலகத்தார் அவற்றை ஒன்றாகத் தைத்து மட்டை கட்டுவர். ஒரு பரல் வந்து சேராவிடின் என் செய்வது?

இதழ் உண்மையிலேயே தவறியதா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும். மாதம் விடுபட்டிருந்தும் இதழ் எண் தொடர்ந்து சென்றால், அம்மாதம் இதழ் வெளிவரவே இல்லை என்பது பொருள். தவறியது உறுதியானால் வெளியீட்டாளருக்கு உடனே எழுத வேண்டும். மிச்சப்படிகள் சில காலமே கையிருப்பில் இருக்கும். அங்கும் இல்லையேல் வேறொரு நூலகத்திலிருந்து, தையலுக்குப் போதிய ஓரம் விட்டு, ஒளிப்படி எடுப்பிக்கலாம்.

எதுவும் கைகூடாதபோது சில நூலகங்கள் இதழ்களைத் தைக்காது, இரு அட்டைகளுக்கிடையில் வைத்து நாடாவாற் கட்டிக் காத்திருக்கும். ஆயின் தனியிதழ்கள் காத்திருக்குங்கால் மேலும் சில தொலையும். ஆதலால் தைத்துவிடுதலே நன்றென்பது நம் கருத்து. விடுபட்ட இதழின் இடத்தில், அதன் தடிப்பளவுக்கு, ஒடுங்கிய தாட்கீற்றுகளை வைத்துத் தைப்பர். பின்னர் இதழ் கிடைத்தால் அக்கீற்றில் ஒட்டிவிடலாம். தொகுதியின் முதுகும் பிளவுறாது. இன்ன இதழ் இல்லை என்று முன்தாளில் எழுதியும் வைப்பர்.

இதனை நாம் பட்டே அறிந்தோம். ஊரில் நாம் கற்பித்த பாடசாலையில் நூலகப் பொறுப்பும் நம்மிடம் இருந்தது. டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை'யின் ஓராண்டு இதழ்களைக் கட்டுவித்தபோது ஒன்று குறைந்தது. குறை தெரியாதிருக்கட்டும் என்று நெருக்கித் தைக்கச் சொன்னோம். மறுவருடம் பழைய மாணவர் ஒருவர் அதே இதழைத் தேடிக் கொண்டுவந்தார். வைக்க இடமில்லை, தொகுதிக்குள் சும்மா செருகி வைத்தோம். இடம்பெயர்ந்து மீண்டபோது தொகுதி இருந்தது, அவ்விதழ் இல்லை.

அங்கே போனது ஓரிதழ். காரணம் நமது கவனக்குறைவு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அதன்பின் ஈழத்துச் சஞ்சிகைகளின் முழுத் தொகுதியைப் பல வீட்டு அலுமாரிகளிலிருந்தே சேர்க்க வேண்டியதாயிற்று. 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தினர் இவ்வாறு சிதறிக் கிடந்தவற்றை மின்படியாக்கி இணையத்தில் ஓரிடத்தில் வைக்கின்றனர். அங்கே ஊசியும் இல்லை, நூலும் இல்லை. பிந்தி வரும் பரலுக்கும் இடமுண்டு.

நிற்க. லிட்கத்தில் நமது பள்ளியின் ஆண்டு மலர்களையும் கட்டுவிக்க எண்ணியுள்ளோம். அலுமாரியில் இரண்டு ஆண்டுகளின் மலர்கள் இல்லை. அவுஸ்திரேலியச் சட்டப்படி இங்கு வெளியாகும் இதழின் ஒரு படியைக் கன்பராவிலுள்ள தேசிய நூலகத்துக்கு வழங்க வேண்டும். முன்பு நாம் அதனைக் கவனிக்கவில்லை. பெற்றோர்கள் கராஜிலுள்ள பெட்டிகளைத் திறந்து பார்க்குமாறு வேண்டுகிறோம். அட்டை கிழிந்திருந்தாலும், பிள்ளைகள் நிறந்தீட்டியிருந்தாலும் பாதகமில்லை. இரண்டு இடங்களிலும் கீற்று வைத்துத் தைக்கும்படி சொல்லியிருக்கிறோம்.