சுவரோரம் ஓடும் வெந்நீர்

பாய்லர் என்றதும் நமக்கு டீக்கடை நினைவுக்கு வரும். அல்லது பழைய வீட்டுக் குளியலறையில், நடுக்குழாயில் கரி எரிய, சுற்றிலும் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த செம்பு பாய்லர் நினைவுக்கு வரும். பிரிட்டனில் பாய்லரின் வேலை இதைவிடப் பெரியது. குளிக்க வெந்நீர் தருவதோடு, வீட்டின் அத்தனை அறைகளையும் அதுதான் சூடாக வைத்திருக்கிறது. ஜனவரி இரவில் அது நின்றுபோனால், வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டோடு உட்கார வேண்டியதுதான். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் பழைய வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கின்றன: வயதான ஹீட்டிங்கை எப்படிப் புதுப்பிப்பது?

முதலில் அது வந்த கதை. பிரிட்டிஷ் வீடுகள் நெடுங்காலம் கணப்பில் நிலக்கரியை எரித்தே குளிர் காய்ந்தன. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரின் உயிரைக் குடித்தது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1965-இல் வடகடலில் இயற்கை எரிவாயு கிடைத்தது. 1967 முதல் பத்தாண்டுகளில், நாடு முழுவதும் வீடுகளிலிருந்த அடுப்புகளும் பாய்லர்களும் அந்த வாயுவுக்கு ஏற்றபடி மாற்றப்பட்டன. மலிவான வாயு குழாயில் வந்ததும், வீடு முழுவதையும் ஒரே இடத்திலிருந்து சூடாக்கும் ஏற்பாடு பரவலானது. அன்று பதித்த குழாய்கள் பல வீடுகளில் இன்றும் தரைப்பலகைக்கு அடியில் ஓடுகின்றன.

இயங்கும் விதம் எளிது. பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது. பம்ப் அதைச் செப்புக் குழாய் வழியே ஒவ்வொரு அறையின் ரேடியேட்டருக்கும் தள்ளுகிறது. சூட்டை அறைக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பாய்லருக்குத் திரும்புகிறது. இதில் ஓடுவது குழாயைத் திறந்தால் வரும் புதுத் தண்ணீர் அல்ல. ஒரே தண்ணீர்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. உடம்புக்கு இரத்தம் எப்படியோ, ஹீட்டிங்குக்கு அந்தத் தண்ணீர் அப்படி. பழுதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ரேடியேட்டர் எஃகால் ஆனது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் எஃகை அரிக்கிறது. உள்ளே உண்டாவது நாம் வெளியில் காணும் செந்துரு அல்ல. மாக்னடைட் என்னும் கருநிற இரும்பு ஆக்சைடு. மாவுபோல நுண்ணியதாக இருக்கும் அது ரேடியேட்டரின் அடியில் சேறாகப் படிகிறது. பழைய அமைப்புகளில் மேல்மாடப் பரணில் ஒரு சிறு தொட்டி இருக்கும். குறையும் தண்ணீரை அது ஈடுசெய்யும். அது திறந்த தொட்டி என்பதால் காற்றும் தண்ணீரோடு கலக்கும், அரிப்பு ஓயாது.

இந்தச் சேற்றை அப்படியே விட்டுவிட்டு விலையுயர்ந்த புது பாய்லரை மாட்டினால் என்ன ஆகும்? புது பாய்லரின் வெப்பமாற்றியில் நீர் ஓடும் வழிகள் மிகக் குறுகலானவை. பழைய சேறு முதல் குளிர்காலத்திலேயே அவற்றை அடைக்கக்கூடும். அதனால் பாய்லரை மாற்றும் முன் செய்ய வேண்டிய வேலை கழுவுவது. விசைப் பம்பை இணைத்து, ரேடியேட்டர் ரேடியேட்டராகச் சேற்றை வெளியேற்றுவார்கள். பிறகு அரிப்பைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலப்பார்கள். பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்துவார்கள். மாக்னடைட் காந்தத்தில் ஒட்டும் பொருள் என்பதால் மிச்சமிருப்பதும் அங்கே சிக்கிக்கொள்ளும். பரண்தொட்டியை எடுத்துவிட்டு, மூடிய சுற்றாகவும் மாற்றலாம். அதில் தண்ணீர் ஆறியிருக்கும்போதே 1 முதல் 1.5 பார் அழுத்தம் இருக்கும். ஐம்பது வயதான குழாய் இணைப்புகள் அதைத் தாங்குமா என்று முன்பே சோதித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பாய்லர். பழைய வார்ப்பிரும்பு பாய்லர்களில் பல, நூறு பவுண்டுக்கு வாயு எரித்தால் முப்பது, நாற்பது பவுண்டைப் புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்பிவிடும். இன்றைய கண்டென்சிங் பாய்லர்கள் ஏறத்தாழ தொண்ணூறு சதவீத வெப்பத்தை வீட்டுக்குள் சேர்க்கின்றன. எப்படி? இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேன் ஒரு கிலோ எரிந்தால் 2.25 கிலோ நீராவி உண்டாகிறது. அந்த ஆவிக்குள் ஏராளமான வெப்பம் ஒளிந்திருக்கிறது. கொதிநீரைவிட ஆவி பட்ட கை ஏன் அதிகம் வேகிறது என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். ஆவி குளிர்ந்து நீராகும்போது, ஒளித்து வைத்த வெப்பத்தையெல்லாம் கொட்டிவிடுகிறது. இட்லிப் பானை மூடியின் அடியில் துளிகள் திரள்வதும் இதே மாற்றம்தான். அதைப் புகைபோக்கியில் நடக்கவிடாமல் தன் வயிற்றுக்குள்ளேயே நடத்திக்கொள்கிறது புது பாய்லர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல், சில விலக்குகள் தவிர, புதிதாகப் பொருத்தும் வாயு பாய்லர் இந்த வகையாகவே இருக்க வேண்டும்.

பலரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் அந்த ஆவி நீராகும். பழைய பழக்கப்படி பாய்லரை 80 டிகிரியில் வைத்தால், நீராவி முன்போலவே வெளியே போய்விடும். வாங்கிய பயனில் ஒரு பகுதி வீண். சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டி ஓட்டுவதே சரி. வெந்நீர்ச் சிலிண்டர் உள்ள வீடுகளில் மட்டும், லெஜியோனெல்லா கிருமி பெருகாதிருக்க, அதிலுள்ள தண்ணீர் 60 டிகிரியைத் தொட வேண்டும்.

ரேடியேட்டர் ஒவ்வொன்றிலும் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு பொருத்துவது சிறு செலவில் கிடைக்கும் பெரும் பயன். டென்மார்க்கின் டான்ஃபாஸ் நிறுவனத்தில் 1943-இல் உருவான கருவி இது. அதன் தலைக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ, அறை சூடேறும்போது விரிந்து, நீர் வரும் வழியை நெருக்குகிறது. மின்சாரம் தேவையில்லை. அறைச் சூட்டைப் பார்த்து பாய்லரை இயக்கி நிறுத்தும் சுவர் தெர்மோஸ்டாட் இருக்கும் அறையில் மட்டும் இது வேண்டாம். இரண்டும் அங்கே ஒன்றோடொன்று முரண்படும்.

இனி வாயுவையே விட்டுவிட நினைப்பவர்களுக்கு ஹீட் பம்ப் இருக்கிறது. ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப் பின்புறம் விடுகிறது. ஹீட் பம்ப் வெளிக்காற்றின் சூட்டை எடுத்து வீட்டுக்குள் விடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனால் அது மிதமான சூட்டில்தான் சிக்கனமாக ஓடும். ரேடியேட்டரின் சராசரிச் சூடு 70 டிகிரியிலிருந்து 50 ஆனால், 20 டிகிரி அறைக்கு அது தரும் வெப்பம் பாதியாகிவிடும். அதற்குப் பெரிய ரேடியேட்டர்கள் வேண்டும், அல்லது வெப்பம் கசியாத வீடு வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபரில் அரசு மானியம் 7,500 பவுண்டாக உயர்ந்த பிறகு பலர் இதைப் பற்றி யோசிக்கிறார்கள்.

எனவே வரிசை முக்கியம். முதலில் பரணுக்கும் சுவருக்கும் வெப்பக்காப்பு. பிறகு சேற்றைக் கழுவி வெளியேற்றுதல். பிறகு வால்வுகள். கடைசியாகவே பாய்லரோ ஹீட் பம்போ. வரிசை தலைகீழானால், கசியும் வீட்டுக்கு அளவு மீறிய இயந்திரத்தை வாங்குவோம். வாயு தொடர்பான எந்த வேலைக்கும் அந்த வேலை செய்பவர்களுக்கான கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவரையே அழையுங்கள். அவருடைய அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான அலாரம் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

யாரிடமும் விலை கேட்கும் முன், இன்று மாலை ஹீட்டிங்கைப் போட்டுவிட்டு ஒவ்வொரு ரேடியேட்டரையும் தொட்டுப் பாருங்கள். மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று. சிறு சாவியால் திறந்து வெளியேற்றிவிடலாம். மேலே சூடாகி, கீழே நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் சேறு. அங்கே முதல் செலவு பாய்லருக்கு அல்ல, கழுவுவதற்கு.