ஃபார்மட் அடிக்கச் சொல்வதற்கு முன்

லிப்ரே ஆஃபீஸ் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது, அல்லது அதன் கருவிப்பட்டைகள் காணாமல் போகின்றன. நம் ஊரில் இதற்கு இரண்டு வைத்தியம்தான்: மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவது, அதிலும் மசியாவிட்டால் கடையில் கொடுத்து ஃபார்மட் அடிப்பது. முதலாவது பெரும்பாலும் வீண். இரண்டாவது பெரும்பாலும் தேவையே இல்லை. மென்பொருள் ஓரிடத்தில் இருக்கிறது, அதில் நாம் செய்துவைத்த மாற்றங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. விண்டோஸில் அவை ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறைக்குள் இருக்கும். மென்பொருளை நீக்கினாலும் அது பொதுவாக அப்படியே கிடக்கும் என்பதால், புதிதாக நிறுவியதும் பழைய, கெட்டுப்போன அமைப்புகளைத்தான் எடுத்துப் படிக்கும். பழுது எந்தப் பக்கம் என்று அறிய, உதவிப் பட்டியலில் உள்ள சேஃப் மோட் போதும். அதில் தற்காலிகமான புது அமைப்புகளோடு மென்பொருள் திறக்கும். கோளாறு அங்கே வராவிட்டால் சந்தேகம் உங்கள் அமைப்புகள் மீதோ நீட்சிகள் மீதோ கிராபிக்ஸ் டிரைவர் மீதோதான். அங்கேயும் வந்தால் அமைப்புகளை ரீசெட் செய்து பயனில்லை. ஆவணத்தையோ மென்பொருளையோதான் பார்க்க வேண்டும்.

ரீசெட்டும் ஓர் அழிப்புதானே என்று கேட்கலாம். நியாயமான பயம். ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் லிப்ரே ஆஃபீஸின் 'யூசர்' கோப்புறையில் நீங்கள் அகராதியில் சேர்த்த சொற்கள், ஆட்டோடெக்ஸ்ட், வார்ப்புருக்கள் எல்லாம் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் தமிழ்ச் சொற்களை அதில் சேர்த்து வந்தவருக்கு அது சின்ன இழப்பல்ல. அதனால்தான் அழிக்காதீர்கள், மென்பொருளை மூடிவிட்டுக் கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றுங்கள் என்கிறேன். மீண்டும் திறந்தால் புதுக் கோப்புறை தானே உருவாகும். பழையது பத்திரமாக இருக்கும். அதிலிருந்து அகராதியையும் ஆட்டோடெக்ஸ்டையும் மட்டும் எடுத்துப் புதியதில் வையுங்கள். மொத்தமாகத் திருப்பிப் போட்டால் நோயும் கூடவே வந்துவிடும். ஃபயர்பாக்ஸின் 'ரீஃப்ரெஷ்' வசதி ஏறக்குறைய இதையே தானாகச் செய்கிறது: புக்மார்க்கும் கடவுச்சொல்லும் தங்கும், நீட்சிகள் போய்விடும், பழைய தரவு டெஸ்க்டாப்பில் ஒரு கோப்புறையாக வந்து உட்காரும்.

ஃபார்மட்தான் வேகம், உறுதி என்பது கடைக்காரர்கள் வாதம். வேகம் அவர்களுக்கு, இழப்பு நமக்கு. காசு வாங்கிச் செய்யும் பழுதுபார்ப்பு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் ஒரு சேவை. இழப்பை உண்டாக்கும் அலட்சியத்தையும், சொல்ல வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அந்தச் சட்டம் சேவைக் குறைபாடு என்கிறது. கேட்காமல் தரவை அழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் தெரிந்தவர் இலவசமாகப் பார்த்துக் கொடுத்ததற்கு இந்தச் சட்டம் வராது. பில் இல்லாமல் காசு கொடுத்திருந்தால் கொடுத்ததை மெய்ப்பிப்பதே பெரும்பாடு. ஆகவே கணினியை ஒப்படைக்கும்போதே, 'என்னைக் கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது' என்று வேலைச் சீட்டில் எழுதச் சொல்லி ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.